டர்பன் வாடகை வீட்டின் வரவேற்பறையைச் சிறு செலவில் புதுப்பித்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே உள்ள சாட்ஸ்வர்த்தில், நகர நிர்வாகம் 1960களில் வரிசை வரிசையாகக் கட்டிய இரட்டை வீடுகளில் ஒன்றின் ஒரு பாதியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். இனத்துக்கு ஓர் இடம் என்று குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனர், மேகசின் பாரக்ஸ் முதலிய இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்காகச் சிக்கனமாகவும் விரைவாகவும் எழுப்பப்பட்ட வீடுகள் இவை. அறைகள் சிறியவை; நடுவில் ஒரே பொதுச்சுவர்; அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா, இந்தப் பக்கம் நாங்கள். அவருடைய பெற்றோர் முதன்முதலில் குடியேறியபோது இருந்த அமைப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. எழுபதைத் தாண்டிய அவரை எல்லோரையும் போல நானும் ஆன்ட்டி என்றே அழைக்கிறேன்.

எங்கள் வரவேற்பறை ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமும் மூன்றரை மீட்டர் அகலமும் கொண்டது. பகலிலும் விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டாகவும், மழைக்காலத்தில் பழைய துணிமூட்டையின் வாடையோடும் அது இருந்தது. புதிய சோபா வாங்கினால் அறை மாறிவிடும் என்று உறவினர்கள் சொன்னார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. இருட்டும் ஈரமும் உள்ள அறையில் எவ்வளவு நல்ல சோபாவைப் போட்டாலும் ஓராண்டுக்குள் அதுவும் அந்த அறையின் நிறத்துக்கும் வாடைக்கும் வந்துவிடும். ஆகவே வெளிச்சத்தையும் ஓதத்தையும் முதலில் கவனிப்பது, பிறகு இருப்பவற்றில் வேண்டாததை அகற்றுவது, கடைக்குப் போவதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். சுவர் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மூவாயிரம் ராண்ட் என்பது எங்கள் வரம்பு.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. டர்பன் தெற்கே ஏறத்தாழ 30 பாகை அட்சத்தில், மகர ரேகைக்கும் அப்பால் இருக்கிறது. எனவே ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். ஜூன் மாதப் பிற்பகுதியில் அது வடவானில் சுமார் 37 பாகை உயரத்துக்கு மட்டுமே ஏறுவதால், வடக்குச் சன்னலின் வழியாக வெயில் அறைக்குள் இரண்டரை மீட்டருக்கும் மேல் படர்கிறது. டிசம்பரிலோ அது 83 பாகைக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட தலைக்கு நேராக வந்துவிடுவதால், அரை மீட்டர் இறவாரமே வடக்குச் சுவரின் மேல் நண்பகல் வெயில் படாமல் காத்துவிடுகிறது. குளிருக்கு வெயிலும் கோடைக்கு நிழலும் ஒரே சன்னலில் கிடைக்கின்றன என்றால், இந்த ஊரில் வடக்குச் சன்னலைவிட மதிப்புள்ள பொருள் வீட்டில் வேறில்லை. மாறாக, தெற்குச் சுவருக்குக் கோடையில் காலையும் மாலையும் சிறிது நேரம் சாய்வெயில் கிடைப்பதோடு சரி; குளிர்காலத்தில் அதுவும் இல்லை. அந்தச் சுவர் குளிர்ந்தே கிடக்கும். வீட்டின் ஈரம் முழுவதும் அதைத்தான் தேடிப் போகும். தெற்குச் சன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், வடக்கில் வெயில் வராது என்று தமிழ் இதழ்களில் வரும் வீட்டுக் குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்றினால் பலன் தலைகீழாகிவிடும். வாஸ்துப் பலன்களை நம்புகிறவர்கள் நம்பட்டும், அது வேறு கணக்கு. வெயிலின் கணக்கை மட்டும் இந்த ஊர் வானத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

எங்கள் அறையில் அந்த வடக்குச் சன்னலின் பாதியைச் சுவரளவு உயரமுள்ள ஒரு வால் யூனிட் மறைத்துக்கொண்டிருந்தது. இங்குள்ள பழைய இந்திய வீடுகளில் இது ஏறக்குறைய கட்டாயமான பொருள். தொலைக்காட்சிக்கு நடுவில் ஓர் இடம், இருபுறமும் கண்ணாடிக் கதவுகள், உள்ளே யாரும் தொடாத கோப்பைகள், திருமணப் பரிசுகள், பேரப்பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்கள். அது ஆன்ட்டியின் உடைமை என்பதால் அகற்ற அவருடைய சம்மதம் வேண்டியிருந்தது. தம் பக்கத்துக் கூடத்திலேயே அதை வைத்துக்கொள்வதாக அவர் சொன்னதும், பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரின் உதவியோடு அது சுவரைத் தாண்டிப் போயிற்று. செலவில்லாமல் செய்த இந்த ஒரு வேலை, பின்னால் செலவழித்துச் செய்த எல்லாவற்றையும்விட அறையை மாற்றியது என்பேன். எதையும் வாங்குவதற்கு முன்னால் அறையிலுள்ள பொருள்களில் பாதியை ஒரு வாரம் வேறிடத்தில் வைத்துவிட்டு, எதைத் தேடி எடுக்கப் போகிறோம் என்று பாருங்கள்; தேடாதவை திரும்பி வர வேண்டியதில்லை.

தெற்குச் சுவரை ஒட்டியிருந்த புத்தக அலமாரியை நகர்த்தியபோது பின்னால் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. இதைத் துடைத்துவிட்டு மேலே பெயின்ட் அடிப்பதுதான் பலரும் செய்வது. அடுத்த பிப்ரவரிக்குள் அது திரும்பி வந்துவிடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். அதற்குச் சமையலறையில் உள்ள அலுமினியத் தாளே போதும். உலர்த்தித் துடைத்த சுவரில் ஒரு சாண் சதுரத் தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று பொருள். உட்புறம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்தே நீர் வருகிறது என்று பொருள். இரண்டாவது வகையில் காரணம் குழாய்க் கசிவாகவோ, அடைபட்ட மழைநீர்த் தூம்பாகவோ, தரையிலிருந்து மேலேறும் ஓதமாகவோ இருக்கலாம். தரையிலிருந்து ஏறுவதாக இருந்தால் சுவரின் அடிப்பகுதியில் கோடு கிழித்தாற்போல ஒரு கறையும் அதன் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதும் தெரியும். அதன் மேல் பளபளப்பான பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயரத்துக்கு ஏறும்.

எங்கள் சுவரில் தாளின் வெளிப்புறம்தான் நனைந்திருந்தது. அப்படியானால் குறை காற்றோட்டத்தில். இங்குள்ள பழைய வீடுகளில் சுவரின் மேற்பகுதியில் துளைகளோடு கூடிய காற்றுச் செங்கல் பதித்திருப்பார்கள். பூச்சி வருகிறது, குளிர் வருகிறது என்று அவற்றைக் காகிதம் திணித்தோ சிமென்ட் பூசியோ பின்னால் அடைத்துவிடுவது வழக்கம். எங்கள் அறையிலும் இரண்டு அடைபட்டிருந்தன. அடைப்பை எடுத்துவிட்டு, பூச்சி நுழையாதபடி மெல்லிய வலைத் துண்டு ஒன்றை வைத்தோம். மழைநாளில் துணிகளை அறைக்குள் உலர்த்துவதை நிறுத்தினோம். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வைத்தோம். பூஞ்சணத்தைப் போக்க, ஜிக் போன்ற வெளுப்பு நீரை ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, நல்ல நீரால் துடைத்தோம். அப்போது சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், கையுறை வேண்டும். வெளுப்பு நீரோடு வினிகரையோ அமோனியா உள்ள துப்புரவு நீர்மத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்ந்தால் நச்சுவாயு கிளம்பும். கழிவறைக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று எல்லாப் புட்டிகளையும் ஒரே வாளியில் கவிழ்க்கும் பழக்கம் உள்ளவர்களை நான் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சுவரில் கை வைக்கும் முன் வாடகைதாரர் செய்ய வேண்டிய ஒரு வேலை காகிதத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, குடிவரும்போதும் வெளியேறும்போதும் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டுக் குறைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முன்பணத்தை வட்டி தரும் கணக்கில் வைத்திருக்க வேண்டும். உறவுபோலப் பழகுகிறவர்களிடம் எழுத்தில் கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும். ஆயினும் எந்தச் சுவருக்கு என்ன நிறம், பெயின்ட் செலவு யாருடையது, வெளியேறும்போது பழைய நிறத்துக்கு மாற்ற வேண்டுமா என்ற மூன்றையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் எழுதி, முன் எடுத்த படங்களோடு அனுப்பி, ஒப்புதலை வாங்கிவிட்டேன். பெயின்ட்டுக்கான தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளும்படியும், உழைப்பு எங்களுடையதாக இருக்கட்டும் என்றும் ஆன்ட்டி எழுதினார். அவருடைய சொத்தின் மதிப்பைக் கூட்டும் வேலைக்கு அவர் பொருள் தருவதும், நாங்கள் அனுபவிக்கப்போகும் வெளிச்சத்துக்கு நாங்கள் உழைப்பதும் நியாயமான பங்கீடு என்றே எனக்குப் பட்டது.

வேலைக்குக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தோம். டர்பனில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கோடையில்தான் பெய்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் காற்று உலர்ந்திருக்கும். பகலில் சன்னல்களைத் திறந்து வைத்தே பெயின்ட் அடிக்கலாம். ஒரு பூச்சு காய்ந்து அடுத்ததற்குத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் குறையும்.

பழைய வீட்டில் சுவரைத் தேய்ப்பதற்கு முன் இரண்டு ஆபத்துகளை நினைவில் வைக்க வேண்டும். முதலாவது ஈயம். இந்த நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்குச் சட்டவரம்பு 2009இல்தான் வந்தது. எனவே அதற்கு முன் பூசப்பட்ட அடுக்குகளில், குறிப்பாகக் கதவு, சன்னல் சட்டங்களின் எனாமலில், ஈயம் இருக்கக்கூடும் என்று கொள்வதே நல்லது. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைக் கிளப்பாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பரைப் பயன்படுத்தி, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்த நாள்களில் அந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டும். இரண்டாவது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கல்நாரைப் பயன்படுத்துவதற்குத் தடை வந்தது 2008இல். இந்தப் பகுதியின் பழைய கூரைத் தகடுகளிலும், சில வீடுகளின் உள்கூரைப் பலகைகளிலும், பழைய தரை ஒட்டுகளிலும் அது இருக்கலாம். உடையாமல் கிடக்கும் வரை அதனால் தொல்லை பெரிதில்லை. துளையிடுவதும் அறுப்பதும் தேய்ப்பதும் அழுத்த நீரால் கழுவுவதும்தான் இழைகளைக் காற்றில் கலக்கின்றன. அலங்காரத் தொங்குவிளக்குக்காக உள்கூரையில் துளை போடலாம் என்ற என் கணவரின் திட்டத்தை இதனாலேயே கைவிட்டு, பழைய விளக்குப் பொருத்தியிலேயே நிறைவடைந்தோம்.

சுவரின் மேற்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் படிந்திருந்தன. கர்ப்பூரமும் ஊதுவத்தியும் நாள்தோறும் ஏற்றும் வீட்டில் இது இயல்பு. முந்தைய குடித்தனக்காரரும் குத்துவிளக்கை அதே மூலையில்தான் வைத்திருந்தார் என்பது உள்கூரையின் கரிவட்டத்திலேயே தெரிந்தது. பிசுக்கின் மேல் பெயின்ட் ஒட்டாது. ஹார்டுவேர் கடைகளில் சுகர் சோப் என்று விற்கும் தூளைக் கரைத்துக் கழுவினால் அது போய்விடும். பிறகு விரிசல்களைச் சற்றே அகலப்படுத்தி, பட்டி வைத்து அடைத்து, காய்ந்தபின் தேய்த்துச் சமன் செய்தோம். கையால் தடவினால் சுண்ணப்பொடி போல உதிரும் பகுதிகளுக்குப் பிளாஸ்டர் பிரைமர் ஒரு பூச்சு வேண்டும். எங்கெல்லாம் வேண்டும் என்பதை ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிப் பிய்த்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். நாடாவோடு பழைய பெயின்ட் வந்தால் அங்கே பிரைமர் இல்லாமல் தொடங்கக் கூடாது. பெயின்ட் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு இந்தத் தயாரிப்புதான். கூலிக்கு வருபவர்கள் குறைத்துக்கொள்வதும் இதையேதான். ஆகவே ஆள் வைத்துச் செய்தாலும் இந்தப் பகுதியின்போது வீட்டில் இருங்கள்.

எவ்வளவு பெயின்ட் வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காமல் நாமே கணக்கிடலாம். அறையின் சுற்றளவு 15 மீட்டர், உயரம் 2.6 மீட்டர், பெருக்கினால் 39 சதுர மீட்டர். கதவுக்கும் சன்னல்களுக்கும் ஆறு கழித்தால் 33. ஒரு லிட்டர் பிவிஏ பெயின்ட், அதாவது தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயின்ட், ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ எட்டுச் சதுர மீட்டரை மூடும் என்று கொண்டால், இரண்டு பூச்சுக்கு எட்டேகால் லிட்டர் ஆகிறது. பத்து லிட்டர் வாங்கினால் தாராளம். மலிவு என்று 20 லிட்டர் வாளியை வாங்கச் சொல்வார்கள். அந்த மலிவு வகைகளில் நிறமி குறைவு என்பதால் இரண்டு பூச்சு மூன்றாகும், ஈரத்துணி பட்டால் நிறமும் கையோடு வரும். அதே பணத்துக்குக் கழுவக்கூடிய தரமான வகையில் பத்து லிட்டர் வாங்குவது மேல். நிறத்தில் அதிகம் யோசிக்கவில்லை. தெற்குச் சுவரின் வெளிச்சம் நீலம் பாய்ந்ததாக இருப்பதால் தூய வெள்ளை அங்கே சாம்பல் நிறமாகத் தெரியும். மஞ்சள் சாயல் கலந்த வெண்மையை எல்லாச் சுவர்களுக்கும் அடித்தோம். உள்கூரைக்கு மட்டும் பளபளப்பில்லாத வெள்ளை.

இங்குள்ள பழைய சன்னல்கள் வெளிப்புறமாகத் திறக்கும் இரும்புச் சட்டச் சன்னல்கள். உள்ளே திருடர்களுக்கு அஞ்சிப் போட்ட பர்க்ளர் பார் கம்பிகள். உப்புக் காற்றில் இரண்டும் துருப்பிடிக்கும். கம்பித் தூரிகையால் உரசி, துருத்தடுப்பு அடிப்பூச்சு ஒன்றும் எனாமல் ஒன்றும் கொடுத்தோம். கம்பிகளுக்குக் கறுப்பைத் தவிர்த்துச் சுவரின் நிறத்தையே பூசியதால், சிறைக்குள் இருக்கும் உணர்வு பெரிதும் குறைந்தது.

திரைக்குக் கடைத்துணி வாங்கவில்லை. ஒரு புடவை ஐந்தரை மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். நடுவில் வெட்டினால் மேல்மடிப்பும் கீழ்மடிப்பும் போக, இரண்டேகால் மீட்டர் தொங்கும் இரண்டு திரைகள் கிடைக்கும். சுருக்கம் அழகாக விழ, சன்னல் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு துணியாவது வேண்டும் என்பதால், ஒரு புடவை ஒன்றரை மீட்டர் அகலச் சன்னலுக்குச் சரியாக இருக்கும். நூல் புடவைகளே இதற்கு ஏற்றவை. பட்டு வெயிலில் இற்றுப்போகும். அதைத் திரையாக்குவது வீண். நூல் புடவையும் வெயிலில் வெளுக்கும் என்பதால் பின்புறம் வெள்ளைப் பருத்தித் துணி உள்வைத்துத் தைத்தேன். டாக்டர் யூசுப் டாடூ தெருவில், அதாவது பழைய கிரே தெருவில், உள்ள துணிக் கடைகளில் அந்த உள்துணியை மீட்டர் கணக்கில் வாங்கலாம். திரைக்கம்பியைச் சன்னல் சட்டத்தைவிட ஒரு சாண் உயர்த்தியும், இருபுறமும் ஒரு சாண் நீட்டியும் மாட்டினால், திறந்து வைக்கும்போது துணி சுவரின் மேல் ஒதுங்கி நிற்கும். கண்ணாடி முழுவதும் வெளிச்சத்துக்கு மிஞ்சும். கம்பியும் உள்துணியும் அறுநூறு ராண்டுக்குள் முடிந்தன.

இரவு வெளிச்சத்துக்கு, நடுவில் எரிந்த ஒற்றை வெள்ளை விளக்கை மாற்றினேன். எல்இடி பல்பின் பெட்டியில் வாட்டைப் பார்ப்பதைவிட, வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமனையும் நிறத்தைச் சொல்லும் கெல்வினையும் பார்ப்பது நல்லது. ஒன்பது வாட் எல்இடி ஏறத்தாழ 800 லூமன் தரும். அது பழைய 60 வாட் குண்டுபல்புக்கு ஈடு. 6500 கெல்வின் என்றால் நீலவெள்ளை, 2700 அல்லது 3000 என்றால் இளமஞ்சள். படிக்கவும் தைக்கவும் வெள்ளை நல்லதுதான். உட்கார்ந்து பேசும் அறையில் அது எல்லோருடைய முகத்தையும் நோயாளி முகமாக்கிவிடுகிறது. இப்போது மூலைக்கு ஒன்றாக இரண்டு சிறு விளக்குகள், நடுவில் ஒன்று. அவற்றில் ஒன்று மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் எரியும் சேமிப்பு பல்பு. 2023இல் முறை வைத்து மின்வெட்டு ஏறக்குறைய அன்றாட வழக்கமாகிப் போனதைப் பார்த்தவர்கள், அது குறைந்துவிட்ட பிறகும் இதை வீட்டிலிருந்து அகற்றத் துணிவதில்லை. பொருத்தி கொக்கிவகையா திருகுவகையா என்று பார்த்து வாங்குங்கள். இந்த நாட்டில் இரண்டும் புழக்கத்தில் உள்ளன.

பழைய மரச்சாமான்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே குறைந்த விலைக்கு நல்ல பொருள் கிடைப்பது அதில்தான். குடும்பங்கள் வெளிநாட்டுக்குக் குடிபெயரும்போதும், முதியவர்கள் சிறிய வீட்டுக்கு மாறும்போதும், பழைய இம்பூயா மரச் சாமான்கள் அறச்சேவை அமைப்புகளின் கடைகளுக்கும் இணைய விளம்பரங்களுக்கும் வந்து சேர்கின்றன. பிரேசிலிலிருந்து வந்த இந்தக் கரும்பழுப்பு மரம் சென்ற நூற்றாண்டில் இங்கே பெரும் மதிப்போடு இருந்தது. கனமானது, பழம்பாணி என்று இன்றைய இளையவர்கள் ஒதுக்குவதால் விலை இறங்கிவிட்டது. எழுநூறு ராண்டுக்கு நான் வாங்கிய சைட்போர்டு எனும் குட்டையான பக்கப்பலகைப் பெட்டியை, அதே அளவில் அழுத்திய மரத்தூள் பலகையால் செய்த புதுப்பெட்டியோடு ஒப்பிடவே முடியாது. பின்னது டர்பன் ஈரத்தில் இரண்டு கோடைக்குள் ஓரங்களில் உப்பிவிடும்.

ஆனால் வாங்குவதற்கு முன் சாமானைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடலோரத்தில் உலர்மரக் கறையான் நிலைகொண்டிருக்கிறது. மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே வாழ்வது அது. இழுப்பறையின் மூலைகளிலோ சாமான் நின்ற தரையிலோ கசகசா போன்ற சிறு மணிகள் கொட்டிக் கிடந்தால் அவை அதன் எச்சம். உருப்பெருக்கியில் ஆறு பக்கம் கொண்டவையாகத் தெரியும். சிறு துளைகளும் அவற்றிலிருந்து மாவு போன்ற புதுத்தூளும் இருந்தால் மரவண்டு. இரண்டில் எது இருந்தாலும், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு நாற்காலியில் வருவது உத்தரத்துக்குப் போய்விடும். இந்தப் பகுதிகளில் வீடு விற்கும்போது வண்டு இல்லை என்ற சான்றிதழ் கேட்கும் வழக்கம் ஏற்பட்டிருப்பதே தொல்லையின் அளவைக் காட்டும். நல்ல சாமானாக இருந்தால், வெதுவெதுப்பான சோப்பு நீரில் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, மெழுகுப் பாலிஷ் போட்டால் போதும். மெருகை முழுவதும் சுரண்டி வெள்ளைப் பெயின்ட் அடிப்பது இப்போது நாகரிகமாக இருக்கிறது. இம்பூயாவின் ரேகைக்கு மேல் வெள்ளை அடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சோபாவை மாற்றவில்லை. அதன் சட்டம் உறுதியாக இருந்தது; மெத்தைகள்தாம் அமுங்கியிருந்தன. உறைகளைக் கழற்றித் துவைத்து, நுரைப்பஞ்சுக் கடையில் அளவு கொடுத்து வெட்டி வாங்கிய பஞ்சை உள்ளே வைத்தோம். இதற்கு ஆன ஐந்நூற்றுச் சொச்சம் ராண்ட், புதுச் சோபாவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சோபாவை வடக்குச் சன்னலுக்கு எதிரே திருப்பிப் போட்டதில் குளிர்காலக் காலைகளில் எல்லோரும் அங்கேயே வந்து உட்காருகிறார்கள்.

தரைக்குக் கம்பளம் வேண்டாம் என்பது என் கருத்து. இந்த ஈரப்பதத்தில் அது தூசியையும் வாடையையும் சேர்த்து வைக்கும் இடமாகிவிடுகிறது. விக்டோரியா தெருச் சந்தைக்கு அருகிலும் வார்விக் பகுதியிலும் சூலுப் பெண்கள் கோரைப்பாய்கள் விற்கிறார்கள். அவர்கள் அவற்றை இசான்சி என்பார்கள். இதற்கான கோரையான இன்செமா இந்த மாகாணத்தின் வடகரையில் செயின்ட் லூசியா முகத்துவாரப் பகுதியில் ஆண்டுதோறும் மே மாத வாக்கில் அறுக்கப்படுகிறது. வெறுங்காலுக்குக் குளிர்ச்சி, உதறினால் சுத்தம், மடித்தால் இடம் பிடிக்காது. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை வெயிலில் காய வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் வேலை. பேரம் பேசுவதில் நம்மவர்களுக்கு உள்ள உற்சாகத்தை அங்கே கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். ஒரு பாயை முடைய எத்தனை நாள் ஆகும் என்பது பாய் முடையும் ஊர்களிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியும்.

வெயில் வராத தெற்கு மூலைக்குக் கிளைவியாச் செடி. எங்கள் மாகாணமான குவாசுலு நட்டாலின் காட்டு நிழலில் தானாக வளரும் செடி என்பதால், நாம் மறந்தாலும் பிழைத்துக்கொள்கிறது; குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்தால் வசந்தத்தில் ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். எல்லாப் பாகமும் நச்சுள்ளது என்பதால் தவழும் குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கன்றை ஆன்ட்டியே தம் தோட்டத்திலிருந்து பிரித்துக் கொடுத்தார்.

எங்கள் அறையைப் பார்த்த பிறகு தம் பக்கத்துக் கூடத்துக்கும் அதே நிறத்தை அடிக்க வேண்டும் என்று ஆன்ட்டி கேட்டுக்கொண்டார். அங்கே பொதுச்சுவரின் அடிப்பகுதியில் அலுமினியத் தாளை ஒட்டிப் பார்த்தபோது உட்புறம் நனைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அதே இடத்தில் சுவர் உலர்ந்தே இருக்கிறது. அவர் குளியலறைக்குப் போகும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டுத் தண்ணீர் அளவியைப் பார்க்கச் சொன்னேன். முள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. மீதியிருக்கும் பெயின்ட்டை மூடி இறுக்கிக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். குழாய்க்காரர் வந்து கசிவை நிறுத்தி, சுவர் இரண்டு மாதமாவது உலரும் வரை அதைத் திறக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.